கடல் வழியே குளிர்ச் சரக்கு: முதல் கன்டெய்னரை அனுப்பப் போகிறவர்களுக்கு

உறைந்த மீன், இறைச்சி, பழம், ஐஸ்கிரீம் என எதையாவது முதல்முறையாகக் கடல் தாண்டி அனுப்பப் போகிறவர்கள் கப்பலில் என்ன ஆகுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேருமா என்பது கப்பலில் முடிவாவதை விட, கன்டெய்னர் கதவை மூடும் நேரத்துக்குள் முடிவாவதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் கதவு மூடும் வரை நடப்பவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

குளிர்ச் சரக்குக்கான கன்டெய்னரை ரீஃபர் என்பார்கள். 20 அடி, 40 அடி என இரண்டு அளவு உண்டு. இன்று அதிகம் ஓடுவது 40 அடி ஹை கியூப், அதாவது உயரம் கூடிய வகை. அதன் உள்ளே ஏறத்தாழ 67 கன மீட்டர் இடம் இருக்கும், 29 டன் வரை ஏற்றலாம். (சாலையில் அவ்வளவு எடைக்கு அனுமதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். இரண்டு பக்கத்து நாட்டுச் சாலை விதிகளையும் பார்த்துவிட்டு எடையைத் தீர்மானியுங்கள்.)

பெட்டியின் ஒரு முனையில் கதவு, மறுமுனையில் குளிரூட்டும் இயந்திரம். குளிர்ந்த காற்று இயந்திரத்தின் அடிப்பக்கத்திலிருந்து வெளியே வரும். தரை சமமாக இருக்காது; டி வடிவ அலுமினியக் கம்பிகள் வரிசையாக நீளவாக்கில் போகும். அவற்றுக்கு இடையே உள்ள பள்ளங்கள் வழியாகக் காற்று கதவு வரை ஓடி, சரக்கைச் சுற்றியும் ஊடுருவியும் மேலேறி, கூரைக்கடியில் திரும்பி மறுபடி இயந்திரத்துக்குள் போகும். இந்தச் சுழற்சி தடைபடாமல் நடந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் வருகிறது. ரீஃபர் சரக்கைக் குளிர வைக்கும் இயந்திரம் அல்ல. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருக்கும் இயந்திரம். 1882-இல் டுனெடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு 98 நாள் ஓடி ஆட்டிறைச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, இறைச்சியைக் கப்பலிலேயே உறைய வைத்தார்கள். அதற்கான பெரிய நீராவி இயந்திரம் அந்தக் கப்பலில் இருந்தது. இன்றைய ரீஃபரின் இயந்திரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. மைனஸ் 18-இல் இருக்க வேண்டிய சரக்கை மைனஸ் 8-இல் ஏற்றிவிட்டு, போகும் வழியில் இறங்கிவிடும் என்று நம்பினால், வெளி அடுக்கு மட்டும் இறங்கும். நடுவில் உள்ள அட்டைப் பெட்டிகள் வாரக்கணக்கில் அரைகுறை நிலையில் கிடக்கும்.

வெப்பநிலையும் நாள் கணக்கும்

உறைந்த உணவுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். இதை மைனஸ் 15 ஆக்கினால் எரிசக்தி மிச்சமாகும் என்ற பேச்சு 2023 முதல் துறையில் வலுத்திருக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் மைனஸ் 18 என்று இருந்தால் அதுதான் சட்டம். ஐஸ்கிரீமுக்கு அது போதாது, மைனஸ் 25 அளவில் கேட்பார்கள். பச்சையாக உண்ணும் சூரை மீனுக்கு மைனஸ் 60 வரை போகும் தனிவகைப் பெட்டிகளே இருக்கின்றன.

உறையாத குளிர்ச் சரக்கில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. வாழைப்பழம் 13, 14 டிகிரியில் போக வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. திராட்சை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போகும். அதிகக் குளிர் அதிகப் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே ஆபத்து. பழமும் காய்கறியும் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கின்றன. அவை மூச்சு விடும், வெப்பம் வெளியிடும், கரியமில வாயுவும், சில வகைகள் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீனும் விடும். அதனால் அவற்றுக்கு வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே வர வேண்டும். உறைந்த சரக்குக்கு இந்தத் தேவை இல்லை, காற்றுத் துவாரம் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

அப்புறம் நாள் கணக்கு. ஷிப்பிங் லைன் (கப்பல் நிறுவனம்) சொல்லும் பயண நாள் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரைக்குமானது. உங்கள் கிடங்கிலிருந்து துறைமுகம், அங்கே காத்திருப்பு, வழியில் வேறு கப்பலுக்கு மாற்றினால் அதற்கான நாட்கள், இறங்கிய பின் சுங்கமும் உணவுப் பரிசோதனையும், கடைசியாக வாங்குபவரின் கிடங்கு வரையான லாரிப் பயணம் என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதற்கு மேல் ஒரு வாரமாவது தாமதத்துக்கு ஒதுக்குங்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் சரக்கு என்றால், பெட்டியைத் திறக்கும் நாளில் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் பொருந்தாத பொருளைக் கடலில் அனுப்ப வேண்டாம். விமானம், இல்லாவிட்டால் உறையவைத்து அனுப்புவது என்று வேறு வழி யோசியுங்கள்.

சேருமிட நாட்டின் விதிகளை முதலில் கேளுங்கள்

பொருளைத் தயார் செய்துவிட்டு அனுமதியைத் தேடுவது தலைகீழ் வேலை. இறக்குமதியாளரிடமும் அவருடைய சுங்க முகவரிடமும் எழுத்தில் பட்டியல் வாங்குங்கள். என்னென்ன சான்றிதழ், எந்த மொழியில், யார் கையெழுத்தில், கப்பல் கிளம்பும் முன்பா பின்பா என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். விலங்குப் பொருட்களுக்கு அரசு அதிகாரி தரும் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், பழம் காய்கறிக்குத் தாவர நலச் சான்றிதழ். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இறைச்சி, மீன், பால் பொருட்கள் போக வேண்டுமானால் அவற்றைத் தயாரித்த ஆலையே ஒன்றியம் ஏற்ற பட்டியலில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு மீன், பால் பொருட்கள் என்றால் ஆலை அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கப்பல் சேருவதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பும் போக வேண்டும். மரப் பலகைத் தட்டுகளில் அடுக்கினால் அந்த மரம் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை குத்தியதாக இருக்கட்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு தட்டுக்காக முழுக் கன்டெய்னரும் நிற்கும். வேறு சரக்கு என்றால் நிற்பது எரிச்சல், அவ்வளவுதான். குளிர்ச் சரக்கு நின்றால் ஒவ்வொரு நாளும் அதன் ஆயுள் குறைகிறது.

புக்கிங்: எழுத்தில், எண்ணில்

குளிர்ச் சரக்கில் அனுபவம் உள்ள ஃபார்வேர்டரை, அதாவது சரக்கு அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்யும் முகவரைத் தேடுங்கள். உலர் சரக்கு மட்டும் பார்த்தவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் காற்றுத் துவாரம் எவ்வளவு என்று உங்களிடம் கேட்க அவருக்குத் தோன்றாது. சிறு அளவுச் சரக்கைப் பிறருடையதோடு சேர்த்து அனுப்பும் வசதி உலர் சரக்கில் போலக் குளிர்ச் சரக்கில் தாராளமாகக் கிடைக்காது. சில வழித்தடங்களில்தான் உண்டு. முழுப் பெட்டிக்குத் தேவையான அளவு சேரும் வரை காத்திருப்பதுதான் பெரும்பாலும் நடைமுறை.

புக்கிங்கில் இவை தெளிவாக இருக்க வேண்டும்: பொருளின் பெயர், உறைந்ததா குளிர்ந்ததா, செட் பாயின்ட் எனப்படும் வெப்பநிலை, காற்றுத் துவாரத்தின் அளவு, ஈரப்பதம் தேவையானால் அதன் அளவு. செட் பாயின்ட்டில் மைனஸ் குறியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்றும் எழுதுங்கள். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் மைனஸ் 18 என்பது பிளஸ் 18 ஆகிவிடும், இயந்திரமும் அதற்குச் சொன்னதைத்தான் செய்யும். காற்றுத் துவாரத்தைச் சதவீதத்தில் எழுதாதீர்கள். 25 சதவீதம் என்பது ஒரு இயந்திரத்தில் ஒரு அளவு, இன்னொன்றில் வேறு. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று எழுதினால் குழப்பம் இல்லை. புக்கிங் உறுதிக் கடிதம் வந்ததும் இதே எண்கள் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

விற்பனை நிபந்தனையையும் இப்போதே யோசியுங்கள். பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்று போட்டுவிடுகிறார்கள். அதில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது. ஆனால் கன்டெய்னரை நீங்கள் ஒப்படைப்பது துறைமுக முனையத்தின் வாசலில். இடையில் அது எத்தனை நாள் முனையத்தில் கிடந்தது, மின் இணைப்பு இருந்ததா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. கன்டெய்னர் சரக்குக்கு, ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு கைமாறும் எஃப்.சி.ஏ. பொருத்தமானது என்று பன்னாட்டு விற்பனை நிபந்தனைகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 சொல்வதும் இந்தக் காரணத்தால்தான்.

காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே எடுங்கள். உறைந்த உணவுக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றில் பரவலாக உள்ள ஒன்று: குளிர் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றிருந்தால்தான் அந்த வகை இழப்பீடு கிடைக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்து, தவறான செட் பாயின்ட்டால் சரக்கு கெட்டால் கதை வேறு. பாலிசியைப் படித்துவிட்டு, புரியாததைக் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அட்டைப் பெட்டியும் அடுக்கும்

ஈரமும் குளிரும் அட்டையைத் தளர்த்தும். கிடங்கில் கல் போல நின்ற அடுக்கு மூன்றாவது வாரம் அடிப்பெட்டி நசுங்கிச் சாய்ந்திருக்கும். அதனால் ஈரம் தாங்கும் அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்குங்கள்.

உறைந்த சரக்கையும் உறையாத சரக்கையும் அடுக்கும் விதம் ஒன்றல்ல. உறைந்த சரக்கு வெப்பம் வெளியிடாது. வெளியிலிருந்து வரும் வெப்பம் அதைத் தொடாமல் காற்று சுற்றிப் போனால் போதும், எனவே இடைவெளி விடாமல் ஒரே கட்டியாக அடுக்கலாம். பழமும் காய்கறியும் அப்படியல்ல. காற்று அவற்றின் ஊடே போய் அவை விடும் வெப்பத்தை எடுத்து வர வேண்டும். அந்தப் பெட்டிகளில் அடியிலும் மேலும் துளைகள் இருக்க வேண்டும், அடுக்கும்போது துளைக்கு நேரே துளை வர வேண்டும். பலகைத் தட்டை பிளாஸ்டிக் தாளால் உச்சி முதல் பாதம் வரை சுற்றிவிட்டால் அந்தத் துளைகள் இருந்தும் பயன் இல்லை. பக்கத்தில் பட்டையும் மூலைக்கட்டையும் போட்டுக் கட்டுங்கள், அடியையும் மேலையும் திறந்து விடுங்கள்.

பெட்டி வந்ததும்

காலிக் கன்டெய்னர் வரும்போது அதற்குப் பி.டி.ஐ. எனப்படும் முன்பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு நீங்களே உள்ளே ஏறிப் பாருங்கள். முன்பு போன சரக்கின் வாடை இருக்கிறதா? தரைப் பள்ளங்களில் அட்டைத் துண்டோ மரச் சிராயோ அடைத்திருக்கிறதா? ஒருவரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திச் சில நொடி பாருங்கள், வெளிச்சம் எங்கேயாவது தெரிந்தால் கதவு ரப்பர் சரியில்லை. சுவரில் ஓட்டையோ பெரிய ஒடுக்கமோ இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். சரக்கு காத்திருக்கிறதே என்று ஏற்றுக்கொண்டால் அதன் விலை பிறகு தெரியும்.

பெட்டியை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு ஏற்றினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கிடங்கின் ஏற்றுவாசல் காற்றுப் புகாமல் கன்டெய்னரோடு பொருந்தி, அங்கும் குளிர் இருந்தால் மட்டும் அது சரி. திறந்த வெளியில் ஏற்றும்போது குளிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தால் வெளியே உள்ள ஈரக்காற்று உள்ளே புகுந்து சுவரிலும் கூரையிலும் நீராகப் படியும். இயந்திரச் சுருளில் பனியாக உறைந்து காற்றோட்டத்தையே அடைக்கும், கூரையிலிருந்து சொட்டும் நீர் அட்டைகளில் விழும். அப்படிப்பட்ட இடத்தில் பெட்டியைக் குளிர வைக்காமலே ஏற்றுங்கள். எப்படியிருந்தாலும் கதவு திறந்திருக்கும்வரை இயந்திரம் அணைந்திருக்க வேண்டும்.

ஏற்றும் நாள்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இந்த நாளைப் பற்றித்தான். ஏற்றுவதற்கு முன் சரக்கின் உள்வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். கையில் பிடித்துச் சுடும் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு மானி மேல்பரப்பை மட்டும்தான் காட்டும். குளிர் அறையிலிருந்து வந்து பத்து நிமிடம் நின்ற பெட்டிக்கும் உள்ளே உறையாமலே இருக்கும் பெட்டிக்கும் அது வித்தியாசம் சொல்லாது. ஊசி முனை உள்ள மானி வேண்டும். உறைந்த கட்டியில் ஊசி இறங்காது, எனவே குளிர வைத்த துளைப்பானால் நடுவரை துளையிட்டு, ஊசியை நுழைத்து, எண் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஓரத் தட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, அடி அடுக்கில் ஒன்று என்று பல இடங்களில் பாருங்கள். தட்டின் எண், நேரம், காட்டிய அளவு மூன்றையும் எழுதி, மானியின் திரையோடு சேர்த்துப் படமும் எடுங்கள். பையைக் குலுக்கிப் பாருங்கள். தனித்தனியாக உறைய வேண்டியவை ஒன்றாக ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ, பைக்குள் பனித்துகள் நிறைந்திருந்தாலோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்த சரக்கு அது. அதை ஏற்ற வேண்டாம்.

இந்தப் பதிவு ஏன் அவ்வளவு முக்கியம்? சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் ஷிப்பிங் லைன், அனுப்புபவரே ஏற்றி, அடுக்கி, எண்ணியது என்றுதான் எழுதும். மூடிய பெட்டிக்குள் சரக்கு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அவர்கள் சாட்சி இல்லை. நீங்கள் எடுத்த அளவுகள்தான் சாட்சி.

ஏற்றும்போது மூன்று எல்லைகளை மதியுங்கள். உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்கு மேலே ஒரு அட்டைப் பெட்டி கூடப் போகக் கூடாது. அது காற்று திரும்பும் வழி. கதவுப் பக்கம் டி கம்பித் தரை முடியும் இடத்தைச் சரக்கு தாண்டக் கூடாது. கடைசியாக, தரையில் காலியிடம் விடக் கூடாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். கதவுப் பக்கம் ஒரு முழ இடம் திறந்து கிடந்தால் குளிர்காற்று முழுக்க அங்கேயே மேலேறித் திரும்பிவிடும், சரக்குக்குள் போகாது. மிஞ்சும் இடத்தை கனமான அட்டையால் மூடிவிடுங்கள். 40 அடிப் பெட்டியில் ஒரு மீட்டருக்கு 1.2 மீட்டர் தட்டு 20, 21 வரும், சிறிய ஐரோப்பியத் தட்டு 23 வரும். முன்பே காகிதத்தில் வரைந்து பார்த்தால் அன்றைக்குத் தடுமாற வேண்டாம்.

வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் என்ற கருவி, உங்கள் சொந்தமாக ஒன்றாவது உள்ளே வையுங்கள், முடிந்தால் கதவருகே ஒன்று, நடுவில் ஒன்று. கதவருகேதான் குளிர் குறைவாகச் சேரும். வைத்த இடத்தை எழுதி வாங்குபவருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் அது அட்டையோடு குப்பைக்குப் போய்விடும்.

வேலையை வேகமாக முடித்துக் கதவைச் சாத்துங்கள். சீல் எண்ணைக் குறித்து, இயந்திரத்தை ஓட விட்டு, திரையில் செட் பாயின்ட்டையும் துவாரத்தின் நிலையையும் கண்ணால் பாருங்கள். காகிதத்தில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதையும் படமெடுங்கள்.

வாசலிலிருந்து கப்பல் வரை

லாரிப் பயணத்தில் மின்சாரம் தருவது ஜென்செட் எனப்படும் ஜெனரேட்டர். தூரம் குறைவு என்று சிலர் அதைத் தவிர்ப்பார்கள். நன்றாக உறைந்த சரக்கு சில மணி நேரம் தாங்கும், பழம் தாங்காது. 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையான வி.ஜி.எம். இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பலேறாது, அதன் கடைசி நேரம் தனி, ஆவணங்களின் கடைசி நேரம் தனி. முனையத்தில் பெட்டியை இறக்கியதும் மின் இணைப்புக் கொடுத்ததை உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

கடலில்

இப்போது பல லைன்கள் பெட்டியின் வெப்பநிலையை இணையத்தில் பார்க்க விடுகின்றன. பார்க்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் அவ்வப்போது தன் சுருளில் படிந்த பனியை உருக்கும். அந்த நேரத்தில் எண் திடீரென ஏறி, பிறகு இறங்கும். அது சரக்கின் வெப்பநிலை அல்ல, காற்றின் வெப்பநிலை. பதற வேண்டாம். ஏறிய எண் இறங்காமல் மணிக்கணக்கில் நின்றாலோ, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலோ உடனே எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: உறையாத சரக்கில் இயந்திரம் வெளியே அனுப்பும் காற்றை அளந்து இயங்குகிறது, உறைந்த சரக்கில் திரும்பி வரும் காற்றை. உறையாத சரக்கில் திரும்பும் காற்று ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

இறங்கிய பிறகு

கப்பல் சேரும் முன்பே மூல ஆவணங்கள் வாங்குபவர் கையில் இருக்கட்டும். கட்டணமின்றிப் பெட்டியை வைத்திருக்கும் இலவச நாட்கள் ரீஃபருக்குக் குறைவு. அதைத் தாண்டினால் டிமரேஜ் (முனையத்தில் கிடப்பதற்கான கட்டணம்), டிடென்ஷன் (பெட்டியை வெளியே வைத்திருப்பதற்கான கட்டணம்), மின் இணைப்புக் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஓடும்.

திறக்கும்போது வாங்குபவர் செய்ய வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி முன்பே அனுப்புங்கள்: சீல் எண்ணைச் சரிபார்ப்பது, திரையைப் படமெடுப்பது, கதவைத் திறந்ததும் இறக்கும் முன் உள்வெப்பநிலையை அளப்பது. சரக்கு கெட்டிருப்பதாகத் தெரிந்தால் இறக்குவதை நிறுத்தி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரைக் கூப்பிட்டு, லைனுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுத வேண்டும். பெரும்பாலான பில் ஆஃப் லேடிங்குகள் பின்பற்றும், கடல் சரக்குக்கான பன்னாட்டு விதிகளான ஹேக்-விஸ்பி விதிகளின்படி, வெளியே தெரியாத சேதத்துக்கு ஒப்படைத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடுக்க ஓராண்டு கெடு. பெட்டிக்குள் இருக்கும் இயந்திரப் பதிவைத் தரவிறக்கித் தரச் சொல்லி லைனிடம் கேளுங்கள், காலிப் பெட்டி அடுத்த பயணத்துக்குப் போவதற்கு முன்பே.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் லாகர் பதிவை வாங்கி வையுங்கள். ஏற்றிய அன்று நீங்கள் எழுதிய அளவுகளையும் லாகர் காட்டும் வெப்பநிலை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் எண் ஏறியது என்று தெரியும். அடுத்த புக்கிங்கில் நேரடிக் கப்பல் கேட்பதா, அந்தத் துறைமுகத்தைத் தவிர்ப்பதா என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.